காபித்தூள் பிராண்டு தொடங்கப் போகிறீர்களா? பையைக் கடைசியில் அச்சடியுங்கள்

எங்கள் வீட்டுப் பரணில் ஐயாயிரம் காலிப் பைகள் கிடந்தன. பச்சை நிறம், நடுவில் பித்தளை ஃபில்டர் படம், எல்லாம் தமிழில். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒன்றைக்கூடச் சட்டப்படி விற்க முடியாது. 42,000 ரூபாய் போனது. கொடைக்கானல் மலையில் இருக்கும் தாண்டிக்குடிப் பக்கத்துக் காபியை மதுரையில் விற்கலாம் என்று 2023-இல் இறங்கியபோது நான் செய்த முதல் வேலை அந்தப் பையை அச்சடித்ததுதான்.

எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப் போடுவது என்று பிடிபட ஒன்றேகால் வருடம் ஆனது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். மாதம் நூறு முதல் முந்நூறு கிலோ ஃபில்டர் காபித்தூள் விற்க நினைப்பவர்களுக்கு இது உதவும். ஏற்றுமதி செய்வதும் கஃபே நடத்துவதும் வேறு கதை. கட்டணங்களும் வரம்புகளும் நான் விண்ணப்பித்தபோது இருந்தவை. கட்டுவதற்கு முன் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. முதலில் டம்ளர்

பிராண்டுக்குப் பெயர் யோசிப்பதற்கு முன்னால் கலவையை முடிவு செய்யுங்கள். காபித்தூள் கடைக்காரர்கள் பேசும் நான்கு சொற்கள் தெரிந்தால் போதும். பழத்தின் தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகாவில் பெரிய கொட்டை ‘பிளாண்டேஷன் ஏ’. ஒரு பழத்துக்குள் இரண்டாகப் பிரியாமல் ஒற்றையாக உருண்டு விளைந்தது ‘பீபெரி’. பழமாகவே களத்தில் காயவைத்து உடைத்தது ‘செர்ரி’. ‘ராபஸ்டா’ விலை குறைவு. கசப்பும் கெட்டியும் அதிகம்.

பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி என்பது நம் ஊர்க் கடைகளில் தலைமுறையாகக் கேட்டு வாங்கும் கலவை. அதில் தொடங்கி, சிக்கரியை ஐந்து ஐந்து சதவீதமாகக் கூட்டிப் பாருங்கள். சோதனையை எப்போதும் காய்ச்சிய பாலில் செய்யுங்கள். நான் இளவறுப்பாக வறுத்து, கறுப்புக் காபியாகக் குடித்துப் பார்த்து, ஆஹா என்று மகிழ்ந்து இருபது பேருக்குக் கொடுத்தேன். ஒரே பதில்தான் வந்தது: “பால் ஊத்துனா புளிக்குதே.” நம் ஆட்கள் பாலோடுதான் குடிப்பார்கள். அதற்கேற்ற வறுப்பு கொஞ்சம் ஆழமாகத்தான் இருக்க வேண்டும்.

அரைப்பும் அப்படித்தான். ரொம்ப நைஸாக அரைத்தால் ஃபில்டர் அடைத்துக்கொண்டு டிகாக்‌ஷன் இறங்காது. வாங்கியவர் ஃபில்டரைக் குறை சொல்ல மாட்டார், உங்கள் தூளைத்தான் சொல்வார். இந்தக் கட்டத்துக்கு இரண்டு மாதமும் பத்துப் பன்னிரண்டு கிலோ கொட்டையும் ஒதுக்குங்கள். ஊரில் இருக்கும் எந்த வறுவல் கடையிலும் கிலோக் கணக்கில் வறுத்துக் கொடுப்பார்கள். முறையாகப் படிக்க நினைத்தால் பெங்களூரில் காபி வாரியம் ‘காப்பி சாஸ்திரா’ என்ற குறுகிய காலப் பயிற்சி நடத்துகிறது. நான் மூன்று தவறு செய்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டேன்.

2. கொட்டை வாங்கும் இடம்

தமிழ்நாட்டில் ஏற்காடு, நீலகிரி, வால்பாறைப் பக்கம், பழனிமலையின் கீழ்ப்பகுதி என்று காபி விளையும் இடங்கள் நமக்கே இருக்கின்றன. நான் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் போனேன். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். அங்கே காபி தனியாக நிற்காது. மேலே சில்வர் ஓக்கும் பலாவும், அவற்றில் ஏறிய மிளகு, இடையில் மலைவாழை, ஆரஞ்சு. இப்படி நிழலில் வளர்ப்பதுதான் இந்தியக் காபியின் பழைய வழக்கம். ‘நிலைத்த வேளாண்மை’ என்று நாம் லேபிளில் எழுத ஆசைப்படுவது அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. பணம் சரியாக வராவிட்டால்தான் அந்த மரங்களை வெட்டி விற்கும் யோசனை வரும்.

அதனால் என் கணக்கில், இந்தத் தொழிலில் மலைக்கு நல்லது செய்வது என்றால் மக்கும் பை வாங்குவது இல்லை. பறிப்புக் காலத்தில் கையில் பணத்தோடு போவது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறிப்பு நடக்கும்போது கூலி கொடுக்கச் சிறு விவசாயிக்கு ரொக்கம் வேண்டும். அதற்காக உள்ளூர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவர் சொல்லும் விலைக்குப் பழத்தைக் கொடுத்துவிடுகிறார். அந்த முன்பணத்தை நீங்கள் கொடுங்கள். பழுத்த பழத்தை மட்டும் பறிக்கச் சொல்லிக் கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுங்கள். பச்சைக்காய் கலந்தால் எந்த வறுப்பும் காப்பாற்றாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரப்பத மானி ஒன்று வாங்குங்கள், அல்லது க்யூரிங் (காய்ந்த காபியை உடைத்துத் தரம்பிரிப்பது) செய்யும் இடத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள். பட்டிவீரன்பட்டிப் பக்கம் இந்த வேலை செய்கிறார்கள். என் முதல் மூட்டையை அளக்காமல் வாங்கினேன். ஐப்பசி மழையில் சாக்குக்குள் பூசணம் பிடித்துவிட்டது.

மாதிரியாகக் காட்டிய கொட்டையும் மூட்டையில் வந்த கொட்டையும் ஒன்றா என்று பாருங்கள். மாதிரியில் அரைக் கிலோவை முத்திரை போட்டு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய விலையைக் காபி வாரியம் தன் தளத்தில் தினமும் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியபோது தாண்டிக்குடியிலும் விலை ஏறியது. ஒரு வருடத்துக்கு ஒரே விலை என்று கடைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு நான் பட்ட பாடு தனி. மூன்று மாதத்துக்கு மேல் எந்த விலைக்கும் உறுதி கொடுக்காதீர்கள்.

3. இயந்திரம் வாங்காதீர்கள்

இதற்குச் சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும் சொல்கிறேன். முதல் வருடம் கூலிக்கு வறுத்து வாங்குங்கள். சொந்தமாக வறுக்கும் இயந்திரம் வைத்தால் புகைபோக்கி, தொழில் மின் இணைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், உள்ளாட்சி உரிமம், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் கூடவே வரும்.

கூலி வறுவலில் மூன்று கண்ணிகள் உண்டு. முதலாவது, எடை. பச்சைக் கொட்டை வறுபடும்போது 15 முதல் 20 சதவீதம் எடை குறையும். எனக்கு ஒருமுறை 10 சதவீதம்தான் குறைந்தது. சந்தோஷப்பட்டேன். சூட்டை இறக்கத் தாராளமாகத் தண்ணீர் தெளித்திருந்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தத் தூள் மூன்றே வாரத்தில் கட்டி தட்டியது. இரண்டாவது, கொட்டை மாறிப்போவது. முதல் நான்கைந்து முறை பக்கத்திலேயே நில்லுங்கள். போடும்போதும் எடுக்கும்போதும் எடையை நோட்டில் எழுதுங்கள். மூன்றாவது, அரைவை இயந்திரத்தில் தங்கியிருக்கும் சிக்கரி. ‘சிக்கரி இல்லாதது’ என்று விற்கப் போகிறீர்கள் என்றால், காலையில் முதல் அரைவையாக உங்களுடையதை அரைக்கச் சொல்லுங்கள், அதிலும் முதல் இரண்டு கிலோவைத் தள்ளிவையுங்கள்.

வறுத்த அன்றே அரைத்து அடைக்காதீர்கள். கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் ஆறவிடாவிட்டால் பை பலூன் மாதிரி உப்பும். கடைக்காரர் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்புவார்.

4. விலைக் கணக்கு

இதைப் பேப்பரில் போடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கணக்குக்காகப் பச்சைக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதம் எடை குறைந்தால் வறுத்த கொட்டை ஒரு கிலோவுக்கு 610 ஆகிறது. வறுத்த சிக்கரி கிலோ 150 என்றால், 80:20 கலவை ஒரு கிலோவுக்கு 488-உம் 30-உம் சேர்த்து 518. வறுவல், அரைவைக் கூலி 40. கால் கிலோப் பை நான்கு, ஸ்டிக்கர், அட்டைப்பெட்டி 50. வண்டி வாடகை 30. மொத்தம் 638.

எம்.ஆர்.பி. 900 போடுகிறீர்கள். கடைக்கு 20 சதவீதம் கழிவு என்றால் கடைக்காரர் தருவது 720. ஜி.எஸ்.டி.-யில் பதிவு செய்திருந்தால் வறுத்த காபித்தூளுக்கு 5 சதவீத வரி. அது போக உங்கள் கைக்கு வருவது 686. மிச்சம் கிலோவுக்கு 48 ரூபாய். அதிலிருந்துதான் மாதிரிப் பொட்டலம், திரும்பி வரும் சரக்கு, உங்கள் சம்பளம் எல்லாம்.

இதே கணக்கில் 60:40 ஆக்கினால் மூலப்பொருள் 426-க்கு இறங்கிவிடும். கிலோவுக்கு 92 ரூபாய் லாபம் கூடும். பல பாக்கெட்டுகளில் சிக்கரி ஏன் அவ்வளவு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சிக்கரி விஷம் இல்லை, நம் ஊர் ருசியில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் மலையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிட்டு அதை நாற்பது சதவீதச் சிக்கரிக்குள் புதைப்பதில் அர்த்தம் இல்லை. நான் கடைகளைக் குறைத்துக்கொண்டு வீடுகளுக்கு நேரடியாக விற்கப் போனதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

5. பதிவுகள், இந்த வரிசையில்

உத்யம் பதிவு: சிறுதொழில் என்று மத்திய அரசிடம் பதிவது. கட்டணம் இல்லை. ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி நேரம். தேடும்போது முதலில் வரும் தளங்களில் பல, அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்டு இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கும். நானும் கொடுத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முகவரி ‘gov.in’ என்று முடிகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு: எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்கோஸ் தளத்தில். நான் விண்ணப்பித்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை அடிப்படைப் பதிவு, வருடத்துக்கு 100 ரூபாய். அதற்கு மேல் மாநில உரிமம், கட்டணம் ஆயிரங்களில். புகைப்படம், அடையாள அட்டை, பொட்டலம் போடும் இடத்துக்கு வாடகை ஒப்பந்தம் அல்லது மின் கட்டண ரசீது வேண்டும். தொழில் வகை என்ற இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வறுத்து அரைப்பது வேறொருவர், பொட்டலம் போடுவது நீங்கள் என்றால் நீங்கள் ‘உற்பத்தியாளர்’ இல்லை, ‘ரீபேக்கர்’. நான் மாற்றிப் போட்டேன். அலுவலர் வந்து “வறுக்கும் மிஷின் எங்கே?” என்று கேட்டார். திரும்ப விண்ணப்பித்ததில் ஆறு வாரம் போனது. வறுத்துக் கொடுப்பவரிடமும் அவருடைய உரிமத்தின் நகலை வாங்கி வையுங்கள். உரிமம் இல்லாதவரிடம் வறுக்கக் கொடுக்காதீர்கள்.

எடையளவுப் பதிவு: பொட்டலம் போடத் தொடங்கி 90 நாட்களுக்குள் பொட்டலமிடுபவராகப் பதிவு செய்ய வேண்டும். 500 ரூபாய். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. உங்கள் மின்னணுத் தராசுக்கும் வருடாவருடம் முத்திரை வேண்டும். தராசை வாங்கும்போதே முத்திரையோடு கேட்டு வாங்குவது மேல்.

ஜி.எஸ்.டி.: தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால் 40 லட்சம் வரை கட்டாயம் இல்லை. பெங்களூரில் இருக்கும் அக்காவின் தோழிக்கு ஒரு பாக்கெட் விலைக்கு அனுப்பினால்கூட அது வேறு மாநில விற்பனை, பதிவு வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விற்பனையே இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். நான் முதல் ஏழு மாதம் தமிழ்நாட்டைத் தாண்டவில்லை.

கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். சிறு உணவுத் தொழில்களுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம் தரும் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இயந்திரத்தை வாங்கிவிட்டுப் போகாதீர்கள். கடன் அனுமதி வந்த பிறகுதான் வாங்க வேண்டும்.

6. பெயர்

பெயரை வர்த்தகச் சின்னப் பதிவகத்தின் தளத்தில் வகுப்பு 30-இல் தேடுங்கள். காபி, தேநீர், மாவு எல்லாம் அதில்தான். ஒலிப்பில் ஒத்திருந்தாலும் ஆட்சேபம் வரும். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணைய விண்ணப்பக் கட்டணம் 4,500 ரூபாய். ஆட்சேபம் இல்லாமல் போனால்கூட, பதிவகத்தின் இதழில் பெயர் வெளியான பிறகு மற்றவர்கள் எதிர்க்க நான்கு மாத அவகாசம் உண்டு. ஆக ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த உடனே ‘டி.எம்.’ குறி போடலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது பதிவு முடிந்த பிறகுதான். முன்னதாகப் போட்டால் குற்றம்.

ஊர்ப்பெயரை மட்டும் பிராண்டாக வைத்தால் பெரும்பாலும் கிடைக்காது. அதோடு, குடகு, சிக்கமகளூரு, பாபாபுடன்கிரி அராபிகாக்கள், வயநாடு ராபஸ்டா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா ஆகிய ஐந்தும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயர்களை அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதியாமல் உங்கள் பையில் போட முடியாது. ‘கூர்க் (குடகு) காபி’ என்று எழுதினால் நன்றாக விற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

7. லேபிள் (என் 42,000 ரூபாய் போன இடம்)

என் பையில் ஐந்து தவறுகள் இருந்தன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தமிழில் மட்டும் இருந்தது. சட்டம் கேட்கும் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போடலாம். வலித்தது, என்ன செய்வது.

சிக்கரி சதவீதம் இல்லை. கலவை என்றால் காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று எழுதியாக வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதை முன்பக்கத்தில் பெரிதாகவே போடுங்கள். நீங்கள் 80 போடுகிறீர்கள் என்றால் அதுதானே உங்கள் விளம்பரம்.

‘ஆர்கானிக்’ என்று இருந்தது. தோட்டக்காரர் உரம் போடுவதில்லை என்று சொன்னார், நானும் எழுதிவிட்டேன். என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். என்ற அரசு அங்கீகரித்த இயற்கை வேளாண்மைச் சான்று இல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. காபி மாதிரிப் பல்லாண்டுப் பயிருக்கு மாறுதல் காலமே மூன்று வருடம்.

‘பாரம்பரிய’, ‘சுத்தமான’ என்ற இரண்டு சொற்கள் பிராண்டுப் பெயரிலேயே இருந்தன. இயற்கை, தூய, அசல், பாரம்பரிய போன்ற சொற்களுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளில் நிபந்தனைகள் இருக்கின்றன. பெயரில் வைத்து அது வாங்குபவரைக் குழப்பும்படி இருந்தால், ‘இது வெறும் பிராண்டுப் பெயர், பொருளின் தன்மையைக் குறிப்பதல்ல’ என்று மூன்று மில்லிமீட்டர் எழுத்தில் போட வேண்டும். பாரம்பரியம் என்று மேலே எழுதிவிட்டு, அப்படியெல்லாம் இல்லை என்று கீழே எழுதுவதா? பெயரையே மாற்றினேன்.

‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்பது ஐந்தாவது. இப்படிப் பொதுவாகச் சொல்லி ஆதாரம் காட்டாமல் விடுவதைத் தடுக்க 2024-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொண்டுவந்திருக்கிறது. அதற்குப் பதிலாக நடந்ததை எழுதுங்கள்: எந்த ஊர், எத்தனை தோட்டம், எந்த வருடப் பறிப்பு, நிழலில் விளைந்தது. கொள்முதல் ரசீதுகளைக் கோப்பில் வையுங்கள். இந்த ஒரு வரிதான் மற்ற எல்லா வாசகத்தையும்விட எனக்கு அதிகம் விற்றுக்கொடுத்தது.

இவை போக: உங்கள் பெயர், முகவரி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், வறுத்துக் கொடுத்தவரின் முகவரியும் எண்ணும், நிகர எடை, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, வரிகள் உட்பட எம்.ஆர்.பி., ஒரு கிராமுக்கு விலை, பச்சைப் புள்ளி, வாடிக்கையாளர் தொலைபேசி. முதல் தொகுதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். சிக்கரிக் கலவையில் காஃபீன் 0.6 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது அவர்கள் பார்க்கும் அளவுகளில் ஒன்று. எனக்கு 3,500 ரூபாயும் பத்து நாளும் ஆனது.

8. இப்போது பை

அச்சடித்த பைக்கு நிறத்துக்கு ஒரு சிலிண்டர், குறைந்தது இத்தனை ஆயிரம் என்று கேட்பார்கள். வேண்டாம். வாயுவை வெளியே மட்டும் விடும் ஒருவழி வால்வு வைத்த வெற்றுப் பையை நூறு நூறாக வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். விலை மாறும், கலவை மாறும், எண் மாறும். ஸ்டிக்கரை மாற்றினால் போதும்.

‘மக்கும் பை’ என்று விற்பவரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றைக் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். சான்றோடு வந்த ஒரு பையில் நான் போட்டுப் பார்த்தேன். மணம் மூன்று வாரத்தில் போய்விட்டது. இப்போது மதுரைக்குள் வாராவாரம் வாங்குபவர்களுக்கு எவர்சில்வர் டப்பாவில் கொடுத்து, காலி டப்பாவைத் திரும்ப வாங்குகிறேன். டப்பாவுக்கு முன்வைப்பு 150 ரூபாய். நாற்பது வீடுகள் அப்படி வாங்குகின்றன.

9. காலம்

டிசம்பரில் மலைக்குப் போகத் திட்டமா? மே, ஜூனில் கலவைச் சோதனை. ஜூலையில் உத்யமும் உணவுப் பதிவும், அதே வாரத்தில் பெயருக்கு விண்ணப்பம். ஆகஸ்டில் கூலி வறுவலுக்கு ஆள் தேடல். செப்டம்பர், அக்டோபரில் முப்பது கிலோவை வெளியில் வாங்கிய கொட்டையில் போட்டுத் தெரிந்தவர்களுக்கு ஸ்டிக்கர் பையில் விற்றுப் பாருங்கள். தீபாவளிக்கு எல்லோரும் கேட்பார்கள், அதை நம்பி நிறைய அரைத்து வைக்காதீர்கள். தீபாவளிக்கு அடுத்த வாரம் ஒருவரும் வாங்க மாட்டார்கள். பறிப்பில் வாங்கிய காபி காய்ந்து, உடைத்துத் தரம்பிரித்து உங்கள் கைக்கு வர மார்ச் ஆகிவிடும். அதுவரை முன்பணம் முழுக்க மலையில் முடங்கியிருக்கும். நான்கு மாதம் வருமானம் இல்லாமல் ஓட்டப் பணம் தனியாக இருக்கட்டும்.

கடைக்காரர்கள் கடன் கேட்பார்கள். முதல் ஆறு மாதம் ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். எனக்கு இன்னும் இரண்டு கடையில் 11,400 ரூபாய் நிற்கிறது.